பெரிய பானை நேர்ச்சை

எங்கள் தெஸ்ஃபூல் ஊரில் கோடை மதியம் ஈ காக்கை வெளியே வராது. கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கிவிடும். வெயில் சாய்ந்தால்தான் மறுபடியும் ஏறும். பர்னியானுக்குப் படிக்கக் கிடைத்தது அந்த இடைவெளி ஒன்றுதான். காலையிலும், வெயில் தாழ்ந்ததிலிருந்து ராத்திரி வெகுநேரம் வரைக்கும் அவள் மருந்துக்கடையில் நிற்பவள். டாக்டர் சீட்டை வாங்கி, மாத்திரையை எடுத்து, கவர்மேல் "சாப்பாட்டுக்குப் பிறகு" என்று எழுதிக் கொடுக்கிற வேலை. அதே கடையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், மருந்தியல் படித்துப் பட்டம் வாங்கியவள். பர்னியானுக்கு வேண்டியது அந்தக் கோட்டுதான். அதற்குக் கொன்கூர் எழுதித் தேற வேண்டும். நாட்டில் உள்ள பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து எழுதி, ஒருவர் தலைமேல் ஒருவர் ஏறி இடம் பிடிக்கிற நுழைவுத் தேர்வு அது. போன வருஷம் எழுதிக் கோட்டை விட்டாள். இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொன்னது அண்ணன் இஹ்சான். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவன். அக்கா இஸ்ஃபஹானில் குடித்தனம்; அப்பா இறந்த பிறகு வீட்டுக்கு அவன்தான் பெரிய மனுஷன். அந்த நினைப்பு அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

"இந்த ஒரு தடவைதான், சொல்லிட்டேன்" என்றான். "இதுலயும் இல்லைன்னா புத்தகத்தை எல்லாம் கட்டிப் பழைய பேப்பர்காரனுக்குப் போடு. வந்திருக்கிற வரனுக்கு எத்தனை நாளைக்கு நான் சாக்குச் சொல்லிக்கிட்டு இருப்பேன்?"

"எம் பொண்ணு படிக்கட்டும்டா. உனக்கு என்ன வலிக்குது?" என்று அம்மா பதூல் குறுக்கே பாய்ந்தாள். "நீ ஸ்பானர் பிடிச்சா அவளும் ஸ்பானர் பிடிக்கணுமா?"

அம்மா என்றால் அப்படி ஓர் அம்மா. பர்னியான் அன்றைக்கு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். வீட்டில் தனக்கு ஓர் ஆள் இருக்கிறது என்று நம்பினாள். அந்த நம்பிக்கையைத்தான் சொல்ல வந்தேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியம் கடையை அடைத்ததும் பர்னியான் ஓட்டமாக வீட்டுக்கு வருவாள். வெண்டைக்காய்க் குழம்பில் இரண்டு வாய் சோற்றைப் பிசைந்து விழுங்கிவிட்டு, புத்தகத்தோடு நிலவறைக்குள் இறங்கிவிடுவாள். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் எல்லாம் இந்த அறை உண்டு. பாறையைக் குடைந்து ஆழத்தில் வெட்டியது, மேலே தீயாய்க் கொளுத்தும்போது கீழே போர்வை கேட்கும். போன் அங்கே எடுக்காது. உச்சியில் ஒரு காற்றுத்துளை, அது முற்றத்தில் போய்த் திறக்கும். அந்த வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வரும், யாராவது கூப்பிட்டால் குரலும் வரும்.

"கீழ எலிக்குப் பாடம் நடத்துறியா? எந்த எலி முதல் ராங்க்?" என்று துளை வழியாக இஹ்சான் கேட்பான்.

"உன்னைவிட எல்லா எலியும் நல்லாத்தான் படிக்குது!" என்று இவள் கீழேயிருந்து கத்துவாள்.

"போடா அந்தப் பக்கம்! பிள்ளை படிக்கிறா" என்று அம்மா அவனை விரட்டுவது கேட்கும்.

வசந்தம் முடிகிற சமயத்தில், எதிர் வீட்டு இஃப்பத் அக்கா ஒரு கிண்ணத்தில் ஷோலே ஸர்த் கொண்டுவந்தாள். குங்குமப்பூவும் பன்னீரும் ஊற்றிக் காய்ச்சிய மஞ்சள் அரிசிப் பாயசம், மேலே பட்டைத் தூளால் புள்ளிக் கோலம். அவள் மகனுக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. கிடைத்தால் இத்தனை கிண்ணம் கொடுக்கிறேன் என்று தர்காவில் நேர்ந்திருந்தாள், கிடைத்தது, கொடுத்தாள். கேட்டது நடந்தால்தான் பானை அடுப்பில் ஏறும், நடக்காவிட்டால் ஏறாது. இது ஊரில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் யார் வீட்டிலிருந்து மஞ்சள் கிண்ணம் வந்தாலும் முதல் கேள்வி, "என்ன விசேஷம்?" என்பது.

"அம்மா, எனக்காக நீயும் நேர்ந்துக்கயேன்" என்றாள் பர்னியான், கரண்டியை நக்கிக்கொண்டே.

"நேர்ந்தாச்சுடி. இஃப்பத்தும் நானும் ஒண்ணாத்தான் போனோம்" என்றாள் அம்மா. "சின்னப் பானை இல்ல, உங்க பாட்டன் காலத்துப் பெரிய பானை."

பர்னியானுக்குக் கண் நிறைந்துவிட்டது. பரணில் தலைகீழாகக் கிடக்கும் அந்தச் செம்புப் பானையை அண்ணாந்து பார்த்தாள். அதற்கப்புறம் கணக்குப் பாடம் மண்டையில் ஏறாத நாளெல்லாம் அந்தப் பானையை நினைத்துக்கொள்வாள்.

தேர்வு நெருங்கியது. உயிரியல் முடிந்தது, இயற்பியல் ஒரு மாதிரி முடிந்தது. கரிம வேதியியல் மட்டும் மொத்தமாகப் பாக்கி. அதைக் கடைசியில் ஒரே மூச்சாகப் போட்டு முடித்துவிடலாம் என்று வைத்திருந்தாள். முடித்தும் இருப்பாள். அப்போதுதான் அம்மாவுக்கு நெஞ்சு படபடப்பு வந்தது.

"பர்னி... ஏ பர்னி... நெஞ்சு ஒரு மாதிரி படபடங்குதுடி..."

துளை வழியாக அந்தக் குரல் வந்ததும் புத்தகத்தைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடினாள். நிலவறைப் படிகள் செங்குத்து. மூச்சு வாங்க ஏறி வந்தால் அம்மா முற்றத்து நிழலில் சாய்ந்து கிடக்கிறாள். பர்னியான் கடையிலிருந்து இரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினை இரவல் வாங்கி வந்தாள். மெஷின் எல்லாம் சரி என்றுதான் காட்டியது. மெஷின்தான் பழசு என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். மருந்தியல் படிக்கப் போகிற பெண்! மெஷினை நம்பாமல் அம்மாவை நம்பினாள்.

பூக் கஷாயம் வைத்துக் கொடுத்து, பாதத்தைத் தேய்த்துவிட்டு, அம்மா கண் அசரும்போது கடைக்குப் போகிற நேரம் வந்துவிடும். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் கொஞ்சம் தேவலை. அதற்கடுத்த நாள் மறுபடியும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "வேணாம்டி, நீ பக்கத்துல இருந்தாலே சரியாயிடுது" என்பாள்.

"நீ கீழ போ, நான் பாத்துக்கறேன்" என்று ஒருநாள் இஹ்சான் கிரீஸ் கையோடு வந்து நின்றான்.

"உனக்கு என்னடா தெரியும் இதைப் பத்தி? அவ இருக்கட்டும்" என்றாள் அம்மா.

அன்றைக்கு அது பர்னியானுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடப் பாவமே என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

தேர்வன்றைக்கு இஹ்சான்தான் வண்டியில் கொண்டுபோய் இறக்கினான். கேரட் ஜூஸ் வாங்கிக் கொடுத்து, "குடி, கண்ணாவது தெரியட்டும்" என்றான். உள்ளே வேதியியல் பக்கத்தைத் திருப்பினால், எதைப் பாக்கி வைத்தாளோ அதுவே வரிசையாக நிற்கிறது. தப்பாகக் குறித்தால் உள்ள மதிப்பெண்ணிலும் கை வைப்பார்கள். அதனால் தெரியாததை எல்லாம் வெறுமனே விட்டுவிட்டாள். விட்டுவிட்டு உட்கார்ந்து, அம்மாவுக்கு இந்நேரம் எப்படி இருக்கிறதோ என்று கவலைப்பட்டாள்.

தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து அம்மாவுக்குப் படபடப்பு வரவில்லை. கஷாயம் வேலை செய்துவிட்டது என்று பர்னியான் சந்தோஷப்பட்டாள்.

முடிவு வந்தது. இடம் நழுவிப் போயிருந்தது, அதுவும் கொஞ்சத்தில். விட்டுவைத்த கேள்விகளில் பாதியைப் போட்டிருந்தால் அஹ்வாஸ் கல்லூரியில் இடம் உறுதி. இஹ்சான் போனைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், ஒரு கிண்டலும் பண்ணாமல் வெளியே போய்விட்டான். அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"உன் தலையில எழுதலடி கண்ணே. என்ன பண்ண முடியும்?"

"அம்மா, உன் பெரிய பானைக்குத்தான் வேலையில்லாம போச்சு" என்றாள் பர்னியான். தன் துக்கத்திலும் அவளுக்கு அம்மாவின் நேர்ச்சை வீணானது உறுத்தியது. அம்மா வெந்நீர் கொதிக்கும் சமாவர் பக்கம் திரும்பி, தேநீரை ஊற்ற ஆரம்பித்தாள்.

அந்த வாரத்து வியாழக்கிழமை, கடை அரைநாள்தான். மதியம் கடையிலிருந்து வந்தால் தெருமுனையிலேயே பன்னீர் வாசனை. முற்றத்தில் மூன்று கல் கூட்டி, அதன்மேல் பளபளவென்று தேய்த்த பெரிய பானை. அரிசி குழைந்து மஞ்சளாகக் கொதிக்கிறது. அம்மா முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கிண்டுகிறாள்.

"என்னம்மா இது?"

"உங்கப்பா பேர்ல. மனசு கேக்கல."

"அப்பா பேர்ல அல்வாதானே செய்வோம்?"

"இந்தத் தடவை இது. வா, நீயும் நாலு கிண்டு கிண்டு. கிண்டும்போது ஏதாவது வேண்டிக்க."

பர்னியான் கரண்டியை வாங்கிக் கிண்டினாள். அடுத்த வருஷம் என்று வேண்டிக்கொண்டாள். அண்ணன் விடமாட்டான் என்று தெரிந்தும் வேண்டிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் அம்மா கிண்ணங்களைத் தட்டில் அடுக்கினாள். பட்டைத் தூள் தூவி, சீவின பாதாம் வைத்து, தட்டை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"அண்ணன்கிட்டக் கொடும்மா. எனக்கு யாரு முகத்துலயும் முழிக்கப் பிடிக்கல."

"இல்லடி, நீதான் கொடுக்கணும். உன் கையாலதான் கொடுக்கணும்." அம்மாவின் குரலில் ஒரு பதற்றம் இருந்தது. அப்பா காரியம், அதுதான் என்று நினைத்துக்கொண்டு பர்னியான் தெருவில் இறங்கினாள்.

முதல் வீட்டில் ரொட்டிக்கடைக்காரர் மனைவி கிண்ணத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "அடி என் தங்கமே, முபாரக்! எந்த ஊர்ல கிடைச்சிருக்கு?" என்றாள். "அதில்ல மாமி, இது அப்பா பேர்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி. "டாக்டரம்மா ஆனப்புறம் எங்களை எல்லாம் கண்டுக்குவியா?" என்று அந்த வீட்டுக் கிழவர் வேறு கிண்டல் செய்தார். முகம் எரிந்தது. அம்மா இதைக் கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா என்று முதல் தடவையாகக் கோபம் வந்தது.

மூன்றாவது, எதிர் வீட்டு இஃப்பத் அக்கா. அவள் கிண்ணத்தை வாங்காமல் ஆளையே அணைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்டி! எனக்கு அன்னிக்கே தெரியும்!"

"கிடைக்கலக்கா."

"என்ன கிடைக்கல?"

"எனக்கு இடம் கிடைக்கல. இது அப்பா பேர்ல செஞ்சது."

இஃப்பத் அக்கா சிரித்தாள். "அப்பா பேர்ல யாருடி இதைச் செய்வா? நான் பக்கத்துலதானே நின்னேன். தர்காவுல கம்பியைப் பிடிச்சிக்கிட்டு உங்கம்மா அழுத அழுகை இருக்கே! 'எம் பொண்ணு விஷயம் நல்லபடியா முடிஞ்சா, பெரிய பானை ஏத்தி, அவ கையாலயே ஊருக்குக் கொடுக்கறேன்'னு. அவ கையாலயேன்னு சொன்னா, என் காதால கேட்டேன். பெரிய பானை, உன் கை, எல்லாம் அப்படியே இருக்கே. கிடைக்கலைன்னா எதுக்குக் கொடுக்கறா..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே போனாள், பாயசத்தை வேறு பாத்திரத்தில் மாற்றினாள், கிண்ணத்தைக் கழுவி, வெறுங்கிண்ணமாகத் திருப்பக் கூடாதே என்று ஒரு துண்டு கற்கண்டைப் போட்டுக் கொடுத்தாள்.

"வீட்டுக்குப் போடி. நான் எதையாவது தப்பாக் கேட்டிருப்பேன்" என்றாள்.

தெருவைக் கடக்க எத்தனை அடி இருக்கும்? அந்தத் தூரத்துக்குள் எல்லாம் வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. சரியாக இருந்த மெஷின். தேர்வு முடிந்ததும் காணாமல் போன படபடப்பு. "நீ பக்கத்துல இருந்தாலே சரியாயிடுது." அப்பா பேரைச் சொன்ன பொய். தன் தோல்விக்கு ஊர் முழுக்கத் தன் கையாலேயே இனிப்புக் கொடுக்க வைத்தாளே! முன்பின் தெரியாதவன் முதுகில் குத்தினால் திரும்பி நின்று திட்டலாம். பெற்றவள் குத்தினால் யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணன் எதிரே நின்று வேண்டாம் என்றான். இவள் அணைத்துக்கொண்டு கழுத்தை அறுத்தாள்.

மீதிக் கிண்ணங்களோடு தட்டை முற்றத்தில் வைத்தாள்.

"ஏண்டி, அதுக்குள்ள வந்துட்டே? இன்னும் நாலு வீடு..."

"என்ன கேட்டு நேர்ந்தீங்க?"

அம்மாவை அவள் அதுவரை "நீங்க" என்று சொன்னதில்லை. அம்மாவின் கை பட்டைத் தூள் டப்பாமேல் அப்படியே நின்றது.

"இஃப்பத் அக்கா சொல்லிட்டா. என்ன கேட்டீங்க? நான் தோக்கணும்னா?"

"அல்லாமேல ஆணை, அப்படிக் கேக்கல!" அம்மா எழுந்துவிட்டாள். "தோக்கணும்னு நான் கேப்பேனா? எம் பொண்ணு எங்கூடவே இருக்கணும்னு கேட்டேன். அவ்வளவுதான். பெத்தவ கேக்கக் கூடாதா?"

"அஹ்வாஸ்தானேம்மா! பஸ்ல ஏறினா ரெண்டு மணி நேரம்!"

"இஸ்ஃபஹானுக்கும் பஸ்லதாண்டி போனா மஹ்பூபே! படிச்சிட்டு வந்துடறேன்னுதான் போனா உங்கக்கா. வந்தாளா? வருஷப் பிறப்புக்கு, நவ்ரோஸுக்கு நவ்ரோஸ் வரா. பண்டிகைக்குத் தட்டுல வச்ச முளைப்புல்லு வாடறதுக்குள்ள பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடறா. அவ பெத்த குழந்தை என்னைப் பாத்து யாருன்னு கேக்குது. உங்கப்பனும் போயிட்டான். நீயும் போனா நான் யார்கிட்டப் பேசுவேன், இந்த ஸ்பானர்கிட்டயா?"

இஹ்சான் வாசலில் வந்து நின்றிருந்தான்.

"அந்தப் படபடப்பு?" என்றாள் பர்னியான்.

அம்மா தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. பொய்யா?"

"மொத நாள் நெசமாவே வந்துச்சுடி..."

"மொத நாள்."

"நீ ஓடி வந்தியா... காலைப் பிடிச்சு விட்டியா... எனக்கு..." அம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு இருந்ததே அந்த மதியம் ஒண்ணுதான்!" பர்னியான் கத்தினாள். "உங்களுக்குத் தெரியும். காலைல கிடையாது, ராத்திரி கிடையாது, அந்தக் கொஞ்ச நேரம்தான். அதை எடுத்தீங்க. எடுத்துட்டு என்னை மடில போட்டு அழுதீங்க. அதோட விட்டிருக்கக் கூடாதா? எதுக்கு இந்தப் பானை? எதுக்கு என் கையால?"

"நேர்ந்ததைச் செய்யாம விட்டா உனக்குத்தாண்டி ஏதாவது ஆயிடும்னு பயந்தேன்" என்றாள் அம்மா.

அதை அவள் நிஜமாகவே சொன்னாள். பாதகம் செய்யப் பயமில்லை, கடனைத் தீர்க்காமல் விடப் பயம். என்னத்தைச் சொல்ல! பர்னியானுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இஹ்சான் மெதுவாக உள்ளே வந்தான். தட்டில் இருந்த கிண்ணத்தையும் அம்மாவையும் பார்த்தான். பிறகு தங்கையிடம், "அடுத்த வருஷமும் எழுது" என்றான். "வரனுக்கு நான் சொல்லிக்கறேன். எலியெல்லாம் உன்னைத் தேடும்."

அவள் சிரிக்கவில்லை. கரண்டியை எடுத்துப் பானைக்குள் விட்டு, அடிவரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"நானும் இப்ப நேர்ந்துக்கறேன், கேட்டுக்குங்க" என்றாள் அம்மாவைப் பார்த்து. "நான் இந்த ஊரை விட்டுப் போற அன்னிக்கு, இதே பானையை நான் ஏத்துவேன். எல்லா வீட்டுக்கும் கொடுப்பேன். உங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பேன். நீங்க அதைச் சாப்பிடணும், மிச்சம் வைக்காம."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வார்த்தைகளுக்கு அவள் பயப்படுகிறவள் இல்லை, நேர்ச்சைக்குப் பயப்படுகிறவள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கடை விடுமுறை. மதியச் சாப்பாட்டைப் பர்னியான் தானே போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். வேதியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினாள். கரிம வேதியியல் முதல் பக்கம், அன்றைக்குப் போட்டுவிட்டு ஓடிய இடத்தில் மடிந்து கிடந்தது. அதை நீவிச் சரிசெய்தாள்.

கொஞ்ச நேரம் போயிருக்கும்.

"பர்னி... ஏ பர்னி..." துளை வழியாகக் குரல் வந்தது. "நெஞ்சு படபடங்குதுடி..."

அவளுடைய கால் தானாகவே எழுந்துவிட்டது. இரண்டு படி ஏறிவிட்டாள். அங்கே நின்றாள். இது நிஜமா, பொய்யா? குரலில் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இனி எந்த நாளும் தெரியப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, தேர்வு போனதைவிட அது அதிகமாக வலித்தது.

"அண்ணன் வாசல்லதான் இருக்கான்!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். "கூப்பிடுங்க! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான்!"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நெஞ்சு படபடத்தது, அவளுக்கு.

பிறகு அம்மாவின் குரல், சின்னதாக, வந்தது.

"வேணாம்... வேணாம்டி. இப்பத் தேவலை."

பர்னியான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, சத்தம் மேலே போகாதபடி அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி, பாடத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.